ஆசிட் பட்ட குரோம் சக்கரங்கள்: பள்ளத்தூர் அம்பாசடரில் பார்த்த வேலை

வண்டி 1986 மாடல் மார்க் 4 அம்பாசடர். பள்ளத்தூரில் ஒரு வளவு வீட்டுப் பின்கட்டுக் கொட்டகையில் நிற்கிறது. அந்த வீட்டு ஐயா இருந்தபோது ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து இரும்பு ரிம்முக்கும் குரோம் போட்டு வைத்திருந்தார். அவர் காலமான பிறகு வருஷத்துக்கு நாலைந்து தடவைதான் வண்டி வெளியே வரும். பிள்ளையார்பட்டிக்கு, முன்னோரைக் கும்பிடுகிற படைப்புக்கு, வீட்டுக் கல்யாணத்துக்கு, அவ்வளவுதான்.

இந்தத் தடவை பேரனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஐயாவின் வண்டியில்தான் வர வேண்டும் என்பது ஆச்சியின் ஆசை. மூன்று வாரம் இருக்கும்போதே வீட்டைத் திறந்து ஒட்டடை அடித்துக் கழுவ ஆள் விட்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குப் போன் வந்தது.

"தம்பி, சக்கரமெல்லாம் மோர் ஊத்தின மாதிரி வெளுத்துப்போச்சுப்பா. அவுக இருந்தா இதைப் பார்த்துட்டுச் சோறு தண்ணி எடுத்திருக்க மாட்டாக. நீ வந்து ஒரு தடவை பாரேன்."

நான் காரைக்குடியில் பாலிஷ் பட்டறை வைத்திருக்கிறேன். வெள்ளிச் சாமான், பித்தளை, பழைய கார் பம்பர் எல்லாம் வரும். ஆசிட் பட்ட குரோம் புதிதில்லை. ஆனால் ஒரே வண்டியில் ஐந்து சக்கரமும் ஐந்து விதமாக இருந்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

நடந்தது என்ன

குளியலறை டைல்ஸ் கறைக்காக ஒரு கேன் ஆசிட் வாங்கி வந்திருக்கிறார்கள். நம் பக்கம் கடையில் டைல்ஸ் ஆசிட் என்று கேட்டால் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத்தான் தண்ணீர் கலந்து கொடுக்கிறார்கள். நல்லவேளையாக முகப்பில் ஆத்தங்குடிக் கல் மேல் யாரும் அதை ஊற்றவில்லை. அது சிமென்ட்டில் வார்த்த கல். ஆசிட் பட்டால் நுரைத்துக்கொண்டு மேல்தோல் கரைந்துவிடும், பூவும் நிறமும் திரும்ப வராது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கேனில் கொஞ்சம் மிச்சம். வேலைக்கு வந்த பையன், சக்கரத்தில் படிந்திருந்த துருப்பொடியும் சேறும் இதற்குப் போகுமே என்று நினைத்து, தேங்காய் நாரால் நாலு சக்கரத்துக்கும் தேய்த்துவிட்டான். நல்லது செய்யத்தான் நினைத்திருக்கிறான். நான் அவனிடம் கேட்டது ஒரே கேள்விதான்: எந்தச் சக்கரத்தில் ஆசிட் எவ்வளவு நேரம் இருந்தது? இதைக் கேட்கும்போது குரலை உயர்த்தக் கூடாது. பயந்துபோனால் "உடனே கழுவிட்டேன்" என்றுதான் பதில் வரும், அந்தப் பதிலை வைத்து வேலை செய்ய முடியாது.

அவன் மெதுவாகச் சொன்னான். இடப்பக்கம் குழாய் எட்டியது. அதனால் முன் சக்கரம், பின் சக்கரம் இரண்டையும் தேய்த்த கையோடு கழுவிவிட்டான். வலப்பக்கம் குழாய் எட்டவில்லை. சாப்பிட்டு வந்து வாளியில் ஊற்றிக்கொள்ளலாம் என்று போய்விட்டான். திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆகியிருக்கிறது. கொட்டகை மேற்குப் பார்த்தது, வலப்பக்கச் சக்கரங்களில் நேர் வெயில். ஆசிட் அங்கேயே சுண்டிக் காய்ந்திருக்கிறது.

மறுநாள் இடப்பக்கப் பின் சக்கரத்தில் லேசாக மங்கல் தெரிந்ததும், சமையல்கார அம்மா பித்தளை அண்டாவுக்குச் செய்கிற மாதிரி புளியும் உப்பும் வைத்துக் கம்பி நாரால் தேய்த்திருக்கிறார். பித்தளைக்கு அது சரியான வைத்தியம்தான். ஆனால் புளி ஒரு அமிலம், உப்பு ஒரு குளோரைடு. ஆசிட்டால் ஏற்கெனவே தோல் போன இடத்தில் இரண்டும் சேர்ந்து இன்னும் கொஞ்சம் வேலை பார்த்துவிட்டன.

டிக்கிக்குள் இருந்த ஸ்டெப்னியை யாரும் தொடவில்லை. ஐந்து ரிம்மும் ஒரே நாளில் முலாம் போட்டவை என்பதால், நல்ல நிலையில் இருக்கும் குரோம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி எனக்குக் கையிலேயே கிடைத்தது.

குரோம் என்று நாம் பார்ப்பது

குரோம் சக்கரத்தில் குரோமியம் என்பது பெயருக்குத்தான் இருக்கும். அலங்கார முலாமில் அதன் கனம் 0.25 முதல் 0.5 மைக்ரான் வரை. தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு மெல்லிசு என்று புரியும். கண்ணாடி மாதிரிப் பளபளப்பு வருவது அதற்குக் கீழே 20, 30 மைக்ரான் கனத்தில் இருக்கிற நிக்கலால். நிக்கலுக்கும் கீழே பெரும்பாலும் செம்பு, அதற்கும் கீழே இரும்பு. குரோமியத்தின் வேலை மேலே காவல் நிற்பது. காற்றுப் பட்டதும் தன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல் ஒன்றைப் போட்டுக்கொண்டு கீறலையும் கறையையும் தடுக்கும்.

அந்தத் தோலை உடைப்பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கெட்டிக்காரத்தனமானது. முலாம் பட்டறைகளில் பழைய குரோமைக் கழற்றுவதற்கே இந்த அமிலத்தில்தான் முக்குகிறார்கள். ஆக அந்தப் பையன் தெரியாமல் செய்தது முலாம் கழற்றுகிற வேலையின் முதல் படி.

இன்னொரு விஷயமும் உண்டு. குரோமியத் தொட்டியில் மின்சாரம் மேட்டுக்கு நன்றாகப் போகும், பள்ளத்துக்குச் சரியாகப் போகாது. அதனால் ரிம் விளிம்பில் குரோமியம் தடிப்பாகவும், நடுத்தட்டு வந்து சேருகிற உள்மூலையில் மெல்லிசாகவும் விழும். ஆசிட் பட்டால் முதலில் போவது அந்த மூலைதான். ஆய்வுக்கு நான் முதலில் பார்ப்பதும் அந்த இடத்தைத்தான்.

முதல் வேலை: ஆசிட்டை நிறுத்துவது

நான் போனபோது எல்லாரும் சொன்னது, "கழுவியாச்சே, காய்ஞ்சாச்சே" என்று. வலப்பக்க முன் சக்கரத்தைக் கழற்றிச் சாய்த்தேன். இரும்பு ரிம்மில் வெளி வளையமும் நடுத்தட்டும் பற்றவைத்து இணைந்திருக்கும், இரண்டுக்கும் நடுவே ஒரு நூல் இடுக்கு. அந்த இடுக்கிலிருந்து தேநீர் நிறத்தில் ஒரு சொட்டு மெதுவாக இறங்கியது. நீல லிட்மஸ் தாளை ஒற்றினேன், தாள் சிவந்துவிட்டது. இரண்டு நாள் கழித்தும் உள்ளே ஆசிட் இருக்கிறது.

பல பேர் தவறுவது இங்கேதான். மேலே பாலிஷ் போட்டு வண்டியை அனுப்பிவிடுவார்கள், இடுக்கிலிருந்து ஒரு மாதம் கழித்துத் துரு வழியும். பிறகு பாலிஷ் போட்டவன் மேல் பழி.

நாலு சக்கரத்தையும் கழற்றி, டயரையும் டியூப்பையும் எடுத்துவிட்டு, முதலில் குழாய்த் தண்ணீரை நிறைய விட்டேன். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் ஆப்ப சோடா கரைத்து ஸ்பிரேயரில் ஊற்றி, இடுக்கைச் சுற்றி அடித்தேன். நுரை வந்தது. நுரை அடங்கியதும் தண்ணீர், கம்ப்ரசர் காற்று, மறுபடி சோடா. வலப்பக்க முன் சக்கரத்துக்கு மூன்று சுற்று தேவைப்பட்டது. நாலாவது தடவை ஒற்றிய தாள் நீலமாகவே இருந்த பிறகுதான் வெயிலில் காய வைத்தேன். பிரேக் டிரம்மையும் அதே மாதிரி கழுவிக் காற்றடித்துக் காய வைத்தோம்.

ஆசிட்டை முறிக்கிறேன் என்று பிளீச்சிங் பவுடரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடின கொட்டகைக்குள் அது ஆளையே சாய்த்துவிடும்.

ஆசிட் கேனை மூடி சரியாகப் போடாமல் அதே கொட்டகையில் வைத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த பின் பம்பரின் ஒரு முனையில் ஆவி பட்டே மங்கல் வந்திருந்தது. கேனை வெளியே எடுக்கச் சொன்ன பிறகுதான் மற்ற வேலையைத் தொட்டேன்.

எந்த அடுக்கு போயிருக்கிறது

பாலிஷ் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தாக வேண்டும். எந்தப் பாலிஷும் போன குரோமியத்தைத் திரும்பக் கொண்டுவராது. இருக்கிறதைத்தான் மினுக்கும்.

கண்ணால் பார்ப்பது முதல் படி. சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, வெள்ளை டியூப்லைட்டுக்குக் கீழே ஸ்டெப்னியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குரோமியத்தில் லேசான நீல ஓட்டம் இருக்கும். நிக்கலில் லேசான மஞ்சள், பழைய வெள்ளிக் கும்பாவின் உள்பக்கம் மாதிரி. தனியாகப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம், பக்கத்தில் வைத்தால் உடனே தெரியும்.

இரண்டாவது சோதனையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் தெருவில் இருக்கிற ஒரு பெரியவர், சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முலாம் பற்றிச் சந்தேகம் வந்தால் காரைக்குடிக்காரர்களான எங்களுக்கு ஒரு வசதி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14 அன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த அந்த ஆய்வகம் இங்கேதான் இருக்கிறது. மின்முலாம் அங்கே நடக்கிற ஆராய்ச்சிகளில் ஒன்று. அங்கே வேலை பார்த்த ஒருவராவது தெருவுக்குத் தெரு இருப்பார்.

அவர் சொல்லிக்கொடுத்த சோதனை இது. டைமெத்தில் கிளையாக்சைம் என்ற பொடியை ஆல்கஹாலில் கரைத்த திரவம் ஒரு துளி, நீர்த்த அமோனியா ஒரு துளி, இரண்டையும் பஞ்சுக் குச்சியில் விட்டு உலோகத்தின் மேல் அரை நிமிஷம் தேய்க்க வேண்டும். கீழே நிக்கல் திறந்து கிடந்தால் பஞ்சு ரோஜா நிறமாகிவிடும். குரோமியம் முழுசாக இருந்தால் வெள்ளையாகவே இருக்கும்.

ஸ்டெப்னியில் பஞ்சு வெள்ளை. இடப்பக்க முன் சக்கரத்திலும் வெள்ளை, உள்மூலையில் கூட. இடப்பக்கப் பின் சக்கரத்தில் உள்மூலையைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு இளஞ்சிவப்பு, விளிம்பில் வெள்ளை. வலப்பக்கச் சக்கரங்கள் இரண்டிலும் தேய்க்க ஆரம்பித்த உடனேயே பஞ்சு சிவந்துவிட்டது. ஆச்சி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "குங்குமம் தொட்ட மாதிரி இருக்கே" என்றார்கள்.

மூன்றாவது, வைரம் பார்க்கிற பத்து மடங்கு லென்ஸ். வலப்பக்க முன் சக்கரத்தில் ஊசி குத்தின மாதிரி புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் பழுப்பு. நிக்கலையும் தாண்டி இரும்பு வரை ஓட்டை விழுந்துவிட்டது. இப்படி ஓட்டை விழுந்தால் பக்கத்தில் இருக்கிற நிக்கல் பரப்பு முழுக்க அந்தச் சின்னப் புள்ளி இரும்பை அரிக்கத்தான் உதவும். பெரிய பரப்பு தப்பித்துக்கொள்ள, சின்னப் புள்ளி வேகமாகக் கரையும். அதனால் இதில் மெழுகு பூசி வைப்பது வெறும் தள்ளிப்போடல்.

இடப்பக்கப் பின் சக்கரத்தில் லென்ஸ் காட்டியது எனக்கே புதுசு. கம்பி நார் போட்ட கீறல்கள் ரிம் முழுக்க இல்லை. நிக்கல் திறந்த பட்டையில் மட்டும் தாறுமாறாக இருந்தன, விளிம்புக்கு வந்ததும் நின்றுவிட்டன. குரோமியம் நாருக்கு அசையவில்லை, மெத்தென்ற நிக்கல் அசைந்துவிட்டது. கீறல் நின்ற கோடுதான் குரோமியம் மிஞ்சி நிற்கிற எல்லை. பஞ்சுச் சோதனையில் சிவந்த பட்டையும் அதே கோட்டில்தான் முடிந்தது.

பெயிண்ட் கனம் பார்க்கிற காந்த மீட்டர் ஒன்றைப் பேரன் கொண்டுவந்தான். இந்த வேலைக்கு அதை நம்ப முடியாது. நிக்கலே காந்தத்துக்கு ஒட்டுகிற உலோகம் என்பதால் அது காட்டுகிற எண் குழப்பும்.

முடிவு எடுத்த விதம்

இடப்பக்க முன் சக்கரம் சுலபம். மங்கல் மேலே படிந்த உப்புதான். மென்மையான குரோம் பாலிஷ், பருத்தித் துணி, அரை மணி நேரம். பம்பர் முனையும் அப்படியே. அங்கங்கே இருந்த சின்னத் துருப்புள்ளிகளுக்கு அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துக் கசக்கித் தேய்த்தேன். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மை, கீறாது.

வலப்பக்கம் இரண்டிலும் பழைய முலாமை முழுக்கக் கழற்றிப் புது முலாம் போடுவதைத் தவிர வழியில்லை.

யோசிக்க வைத்தது இடப்பக்கப் பின் சக்கரம். நிக்கல் முழுசாக இருக்கிறது, சுழலும் துணிச் சக்கரத்தில் பஃபிங் அடித்தால் கீறல் போய்ப் பளபளப்பு வந்துவிடும். ஆனால் காவல் இல்லாத நிக்கல் சில மாதத்தில் மஞ்சள் ஏறும். மேலே குரோமியம் மட்டும் போடலாமே என்றால், பழைய நிக்கல் மேல் குரோமியம் நேரடியாகப் பிடிக்காது. மிச்சக் குரோமியத்தைக் கழற்றி, நிக்கலைத் தேய்த்து, அமிலத்தில் உசுப்பி, புதுசாக ஒரு நிக்கல் பூச்சும் கொடுத்துத்தான் குரோமியத் தொட்டிக்குப் போக வேண்டும். செலவு ஏறக்குறைய முழு வேலைக்கு வந்துவிடும்.

ஆச்சியிடம் இப்படிச் சொன்னேன்: "ஆச்சி, ஸ்டெப்னியை இடப்பக்கம் பின்னால போட்டுடுவோம். இதைப் பஃப் அடிச்சு மெழுகு போட்டு டிக்கியில வச்சிடுவோம். வலப்பக்கம் ரெண்டும் புதுசு, இடப்பக்கம் ரெண்டும் பழசு. வண்டியோட ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்துல யாராலயும் பார்க்க முடியாது. வித்தியாசம் தெரியாது."

ஆச்சி கொஞ்ச நேரம் யோசித்தார்கள். "அவுக கைபட்ட முலாம் ஒரு பக்கமாவது இருக்கும். சரி, அப்படியே செய்யி" என்றார்கள்.

முலாம் பட்டறையில்

மதுரையில் நான் வழக்கமாகக் கொடுக்கிற பட்டறைக்கு இரண்டு ரிம்மையும் நானே கொண்டுபோனேன். கழற்றுவதற்கு முன்னால் ஒரு நிபந்தனை போட்டேன்: முலாம் போன வெறும் இரும்பை நான் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. சக்கரம் ஆள் உயிரைச் சுமப்பது. துருப்பள்ளத்தைச் செம்பால் நிரப்பி மேலே பளபளவென்று பூசிக் கொடுத்தால் கண்ணுக்கு அழகாக இருக்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குரோமியம் போனது. கந்தக அமிலத் தொட்டியில் மின்சாரத்தைத் திருப்பி விட்டு நிக்கலையும் எடுத்தார்கள். வலப்பக்க முன் ரிம்மில் பற்றவைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் எனக்குப் பிடிக்கவில்லை. விரிசல் பார்க்கிற சிவப்புச் சாயத்தை அடித்து, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்துப் பத்து நிமிஷம் பார்த்தோம். சிவப்புக் கோடு எதுவும் வரவில்லை. வந்திருந்தால் அந்த ரிம்மை அங்கேயே விட்டுவிட்டு வேறு ரிம் தேடியிருப்பேன்.

பிறகு வரிசையாக: தேய்ப்பு, எண்ணெய் நீக்கம், சயனைடு செம்பு, அதன்மேல் அமிலச் செம்பு, பஃபிங், இரண்டு அடுக்கு நிக்கல், கடைசியில் குரோமியம். இரும்பை நேராக அமிலச் செம்பில் முக்கினால் ஒட்டாத செம்புப் பொடிதான் படியும், அதனால்தான் முதலில் சயனைடு செம்பு. குரோமியத் தொட்டியில் நிற்பது சில நிமிஷம்தான். இந்தப் படிகளில் எதையும் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். சயனைடும் குரோமிக் அமிலமும் ஆளைக் கொல்லும், கிணற்றையும் கெடுக்கும்.

பட்டறைக்காரரிடம் இரண்டு விஷயம் எழுதியே கொடுத்தேன். நட்டு உட்காருகிற குழியிலும், ரிம் டிரம்மோடு ஒட்டுகிற முகத்திலும் முலாம் தடிப்பாக ஏறக் கூடாது. அங்கே முலாம் இருந்தால் ஓட ஓட அது நசுங்கும், நட்டு தளரும். பற்றவைத்த இடுக்கை ஒவ்வொரு தொட்டிக்கும் பிறகு நன்றாகக் கழுவி ஊதிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவர்களுடைய அமிலமே உள்ளே தங்கும். ரிம் திரும்பி வந்ததும் என் முதல் வேலை இடுக்கில் லிட்மஸ் தாள் வைத்துப் பார்த்ததுதான். நீலமாகவே இருந்தது. டியூப் உட்காருகிற உள்பக்கத்துக்குத் துருத் தடுப்புப் பெயிண்ட் அடித்தேன்.

வலப்பக்க நட்டுகள் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னேன். கடினப்படுத்திய இரும்பில் ஆசிட் பட்டால் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, வெளியே ஒன்றும் தெரியாமலேயே உடையக்கூடியதாக ஆகிவிடும் ஆபத்து உண்டு. நட்டு விலைக்கு அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது இரும்பு ரிம்முக்கு. உங்கள் ரிம் எது என்று ஒரு காந்தத்தை ஒட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பலமாக ஒட்டாவிட்டால் அலுமினிய அலாய். அதில் முலாமுக்குக் கீழே ஆசிட் புகுந்தால் அலுமினியம் கரைந்து முலாம் கொப்புளமாக எழும்பும், ஏடு ஏடாக உரியும். அதற்கு மினுக்கல் வேலை கிடையாது, முழுக்கக் கழற்றித்தான் போட வேண்டும். புதுக் கார்களில் குரோம் என்று தோன்றுகிற பலவும் மேலே கிளியர் கோட் அடித்தவை. அங்கே கெட்டுப்போனது வெறும் வார்னிஷ்தானா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சக்கரம் கழுவ விற்கிற சில திரவங்களில் ஃபுளோரைடு அமிலங்கள் இருக்கும். தோலில் பட்டால் உடனே வலிக்காமல் உள்ளே இறங்கி எலும்பு வரை அரிக்கும். கையுறை இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

மாட்டிய பிறகு

கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது நாலு சக்கரமும் ஏறின. நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக இறுக்கினோம். டிரைவர் அண்ணனிடம், பிள்ளையார்பட்டி வரை போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள், வந்ததும் வண்டியைக் குளிரவிட்டு ஸ்பானர் போட்டுப் பாருங்கள் என்றேன். புது முலாம் முதல் ஓட்டத்தில் உட்காரும். சாயங்காலம் போன் செய்தார். இடப்பக்கம் எதுவும் அசையவில்லை, வலப்பக்க முன் சக்கரத்தில் இரண்டு நட்டு கால் சுற்று வாங்கியது என்றார். மறுநாள் இன்னொரு ஓட்டம் விட்டு மறுபடி பார்த்ததில் எதுவும் அசையவில்லை.

எட்டு மாதம் கழித்துப் பள்ளத்தூர்ப் பக்கம் போனபோது கொட்டகையில் எட்டிப் பார்த்தேன். ஓடுகிற நாலு சக்கரத்திலும் மங்கல் இல்லை, இடுக்குகளில் துரு வழிந்த கோடு இல்லை. டிக்கியைத் திறந்து பார்த்தால், நான் மெழுகு போட்டு வைத்த பழைய பின் சக்கரத்தில் உள்மூலைப் பட்டை மட்டும் லேசாக மஞ்சள் ஏறியிருந்தது. துடைத்து மறுபடி மெழுகு பூசி வைத்துவிட்டு வந்தேன். ஆசிட் கேன் இருந்த இடத்தில் இப்போது ஒரு சோப்புத்தூள் டப்பாவும் மெத்தென்ற பிரஷ்ஷும் இருக்கின்றன.